பாஸ் மார்க்கு எழுபது

1

அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு அம்மா இருந்தாள். சித்தப்பா இருந்தார், சித்தி இருந்தாள். போன வருஷம் எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்த அவர்கள் மகன் குமார் இந்த முறையும் ஈர வேட்டியோடு மனையில் உட்கார்ந்திருந்தான். அப்பாவோடு மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போய்வந்த இரண்டு பேர் வந்திருந்தார்கள். பக்கத்துக் கொல்லையில் பயிர் வைக்கிறவரை, கை நனைக்காமல் போய்விடக் கூடாது என்று சித்தப்பா பிடித்து உட்கார வைத்தார்.

இல்லாதவர்கள் இரண்டு பேர்தான். நானும் அக்காவும்.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். அக்கா செல்வி வாழ்க்கைப்பட்டிருப்பது விழுப்புரத்தில். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் திண்டிவனத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கலாம். அவள் வரவில்லை. அம்மா கூப்பிடவில்லை.

சித்தி தன் செல்போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். அங்கே பகல் பதினொரு மணி. எனக்குக் காலை ஏழரை. பல் துலக்கி, குளித்து, நானும் ஒரு வேட்டியைக் கட்டிக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"எப்பா மணி, எல்லாம் தெரியுதா உனக்கு?"

"தெரியுது சித்தி. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. அம்மா தெரியல."

"உங்கம்மா மூஞ்ச காட்டமாட்டேங்குறா. இன்னாத்துக்குன்னு கேளு."

காக்கைக்குச் சோறு வைத்து வெகு நேரமாகியும் எதுவும் வரவில்லை. சித்தப்பா மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டே இருந்தார்.

"உங்க அண்ணன் உசுரோட இருந்தப்ப மட்டும் கூப்ட ஒடனே வந்துட்டாரா?" என்றாள் சித்தி. "சோறு துன்ன பத்து தபா கூப்டணும். கொல்லையில எந்த மூலையில நிக்கிறாரோ, இருங்க, வருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் இங்கே தனியாகச் சிரித்தேன். அம்மாவின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை.

படையலில் இருந்ததெல்லாம் இங்கே கிடைக்காது. வாழைக்காயும் வாழையிலையும் வாங்க முந்தின நாள் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் கடைக்குப் போயிருந்தேன். "தம்பி, என்ன விசேஷம், இலையெல்லாம் வாங்குறீர்?" என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் இலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கல்லாவில் இருந்த அவர் மகளிடம் தமிழில் நன்றி சொன்னேன். அவள் ஜெர்மன் மொழியில் பதில் சொன்னாள். "விளங்கும் அவளுக்கு. கதைக்கத்தான் மாட்டாள்" என்றார் அவர், ஏதோ தன் தப்பைப் போல. எனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறந்தால் இப்படித்தானே ஆகும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அந்தப் பிள்ளைக்கு அதன் தாத்தா எப்படிச் செத்தார் என்று எந்த மொழியில் சொல்வது?

இந்தக் குறிப்பை எழுதுவதற்குக் காரணம் அதுதான். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என்னைத் தெரிந்தவர்களாகவும் இருக்கலாம். இருக்கட்டும்.

2

என் வேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நம் ரத்தத்தில் துத்தநாகம், தாமிரம், செலினியம் போன்ற உலோகங்களும் தனிமங்களும் மிகமிகச் சிறிய அளவில் இருக்கின்றன. ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதைவிடக் குறைவு. புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் இந்த அளவுகள் மாறுகின்றன. பெரும்பாலும் துத்தநாகம் இறங்குகிறது, தாமிரம் ஏறுகிறது. துத்தநாகம் இறங்கியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் துத்தநாகம் இறங்கியதா? இதுதான் எங்கள் ஆய்வின் கேள்வி. நான்கு வருடமாக அளந்துகொண்டிருக்கிறோம். பதில் இன்னும் எங்கள் கையில் இல்லை.

நோயாளிகளை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் குழாய்கள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு எண். ரத்தத்தின் தெளிந்த நீரை எடுத்து, நீர்க்கச் செய்து, கருவிக்குள் அனுப்புவேன். கருவி அதை நெருப்பைவிடப் பலமடங்கு சூட்டில் ஆவியாக்கி, உள்ளே இருக்கும் உலோகங்களைப் பிரித்து எண்ணிச் சொல்லும்.

ஆனால் என் நாளின் பாதி அளப்பதில் போவதில்லை, தள்ளுவதில் போகிறது. உலோகம் எங்கும் இருக்கிறது. தூசியில் இருக்கிறது, கையுறைப் பொடியில் இருக்கிறது. ரத்தம் பிடிக்கும் சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசிந்து ரத்தத்தில் இறங்கும். அப்படிப் பிடித்த ரத்தத்தை அளந்தால் ஆளுக்கு இல்லாத துத்தநாகம் எண்ணில் வந்து நிற்கும். அதனால் இந்த வேலைக்கென்றே கருநீல மூடி போட்ட தனிக் குழாய்கள் உண்டு. பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது மூடியின் நிறத்தைத்தான். சிவப்பு மூடி என்றால் எடுத்து ஓரமாக வைத்து, 'ஏற்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி என் தோளைத் தட்டி, "நீ இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை" என்று ஒரு முறை சொன்னார். அதை அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இன்னா வேல செஞ்சதுக்குச் சொன்னாங்க?"

"தப்பான ரத்தத்தைத் தள்ளி வைக்கிறதுக்குப்பா."

"சொத்த மல்லாட்டைய பொறுக்கிப் போடுற மாதிரியா?"

"அதேதாம்பா."

"அத நாங்க இங்கியே சும்மா சொல்லிக் குடுத்திருப்போமேடா. அதுக்கு ஏரோப்ளேன் ஏறணுமா?"

3

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அக்காவை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. என் மதிப்பெண் அட்டையில் கட்டைவிரலை உருட்டித்தான் வைப்பார். எழுத்து தெரியாவிட்டாலும் அவருக்கு ஒரு எண் தெரியும்: முப்பத்தைந்து. ஊரில் பெயிலான அத்தனை பையன்களையும் பார்த்து அந்த எண்ணைக் கற்றுவைத்திருந்தார். அட்டையை நீட்டினால் ஒரே கேள்விதான் கேட்பார்.

"எல்லாம் முப்பத்தஞ்சுக்கு மேலயா?"

"மேலதாம்பா."

அவ்வளவுதான். தொண்ணூற்றெட்டு வாங்கினாலும் அவருக்கு அது முப்பத்தைந்துக்கு மேல். என் ஆய்வுக்கு இடம் கிடைத்தபோதும், விசா வந்தபோதும், அதே கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவருக்கு இரைப்பையில் கட்டி என்று தெரிந்தபோது நான் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னது தெளிவாக இருந்தது. நான்கு முறை கீமோ ஏற்ற வேண்டும், கட்டி சுருங்கியதும் அறுவை செய்து எடுக்க வேண்டும். பரவவில்லை, நேரத்தோடு வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி ஃபைலையெல்லாம் அக்காதான் வைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் விழுப்புரத்திலிருந்து வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவாள்.

இரண்டு கீமோ முடிந்ததும் அப்பா படுத்துவிட்டார். எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்குவதுபோல் இருக்கிறது என்றார். கேப்பைக் கூழைக்கூடத் துப்பினார். ஊரில் எல்லாரும் எதையாவது சொல்வார்கள். நான் படித்தவன், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நாளெல்லாம் யார் யாருடைய துத்தநாகத்தையோ அளக்கிறேன், என் அப்பாவுடையது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நாக்கின் ருசி போவதற்கும் துத்தநாகக் குறைவுக்கும் சம்பந்தம் இருக்கலாம். அக்காவிடம் சொல்லி விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பார்க்கச் சொன்னேன்.

ஐம்பத்திரண்டு வந்தது. எழுபதுக்கு மேல் இருக்க வேண்டும்.

அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அம்பத்திரண்டா? முப்பத்தஞ்சுக்கு மேலதான?"

"இல்லப்பா. இது வேற."

"இன்னா வேற? அம்பத்திரண்டு பாஸ்தான?"

எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. அளவு, வரம்பு, ரத்தநீர் என்று தொடங்கினேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். நான் அளக்கிற ஒரு எண்ணைப் பற்றி அவராகக் கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை. அந்தச் சந்தோஷத்தில் சொன்னேன்:

"இதுக்குப் பாஸ் மார்க்கு எழுபதுப்பா. நீ இப்ப பெயிலு. மாத்திரை எழுதித் தரச் சொல்றேன், ஒழுங்காச் சாப்பிட்டா பாஸாயிடலாம்."

"அட்ரா சக்க. எழுபதா?" என்று சிரித்தார். "சரி, எழுதிட்டாப் போச்சு."

ஆய்வுக்கூடத்தில் இதை என் தலைவியிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நாம் அளக்கிறோம், அவ்வளவுதான், அதன் பொருளை நாம் யாருக்கும் சொல்வதில்லை என்று சொல்லியிருப்பார். நான் அவரிடம் சொல்லவில்லை.

4

டாக்டரைக் கேட்டுத்தான் மாத்திரை கொடுத்தோம். அதில் தப்பில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னேன். அப்பா தனியாகவே பஸ் ஏறி விழுப்புரம் வந்தார். அக்கா பஸ் ஸ்டாண்டில் இருந்து கூட்டிப்போனாள். ரத்தம் எடுக்கும்போது ஒரு போட்டோ பிடித்து எனக்கு அனுப்பினாள். அப்பா கையை நீட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பரிட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னாராம்.

மறுநாள் எண் வந்தது. தொண்ணூற்றாறு.

கருவி ஓடிக்கொண்டிருந்த அறையை விட்டு வெளியே ஓடிவந்து வராந்தாவில் நின்று போன் போட்டேன்.

"அப்பா, தொண்ணூத்தாறு!"

"எழுபதுக்கா?"

"எழுபது போதும்பா. நீ தொண்ணூத்தாறு எடுத்துருக்க."

"ஃபஸ்ட் கிளாஸா?"

"ஃபஸ்ட் கிளாஸ்தாம்பா!"

அந்தப் பக்கம் அவர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. "ஏய், பாஸுன்றான்டி. உம் புள்ள பாஸுன்றான்."

அடுத்த வாரம் மூன்றாவது கீமோ. அக்கா ஃபைலோடு வந்தபோது அப்பா கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னாப்பா, ஜல்தியா கெளம்பு, எட்டர பஸ்ஸ உட்டா டோக்கன் கெடைக்காது."

"எங்க கெளம்புறது?"

"ஆஸ்பத்திரிக்கி."

"பாஸான புள்ளைய எவனாவது மறுபடி பரிட்சைக்கி அனுப்புவானா?"

அக்கா கெஞ்சியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. அதுவரை இரண்டு கீமோவில் அவர் பட்ட பாட்டை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். வாந்தி எடுத்த பாத்திரத்தைப் பிடித்தவள். அதை இன்னொரு முறை அவருக்குச் செய்ய அவளுக்கும் மனசு வரவில்லை. தம்பியே சொல்லிவிட்டான், ஜெர்மனியில் இதையேதான் அளக்கிறான், அவனுக்குத் தெரியாததா. இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவிடம், டாக்டர் இரண்டு மாசம் லீவு கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். "மணிக்கி சொல்லிக்கினு இருக்காத. அவன் அங்க வேலையில கீறான், சும்மா பேஜாரு பண்ணாத" என்று அப்பா அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நான் போனில் கேட்பேன். "மூணாவது போட்டாச்சாப்பா?"

"ஆச்சு, ஆச்சு."

"கஷ்டமா இருந்துச்சா?"

"இந்தத் தபா ஒண்ணும் தெரியல."

எப்படித் தெரியும்? கீமோவை நிறுத்தியதும் உடம்பு தெளிந்தது. சோறு இறங்கியது, நாக்கில் ருசி திரும்பியது. வீடியோவில் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. நான் அதை மாத்திரையின் பலன் என்று நினைத்தேன். அவர் பாஸான பலன் என்று நினைத்தார்.

மூன்று மாதத்தில் தண்ணீர்கூட இறங்கவில்லை. அக்கா அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி அறுவை செய்ய முடியாது என்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

 "நீதானடா பாஸுன்னு சொன்ன" என்றாள்.

ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதற்குப் பிறகு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

5

அந்தச் சமயத்தில் என் தங்கும் அனுமதி அட்டை புதுப்பிக்கக் கொடுக்கப்பட்டிருந்தது. கையில் இருந்தது ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம். வெளியே போனால் திரும்பி வர அது போதாது. ஊரில் தாலுக்கா ஆபீசில் ஒரு சான்றிதழுக்கு நான்கு நாள் நடந்திருக்கிறேன். அங்கே யாரையாவது பார்த்து, அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இங்கே அதற்கு வழியில்லை. இணையத்தில் நேரம் குறிக்க வேண்டும். அடுத்த நேரம் ஆறு வாரம் தள்ளி இருந்தது.

நேரே அலுவலகத்துக்கே போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியத்தைச் சொன்னேன். என் அப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் வினைச்சொல் மாறி, என் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். பிறகு மெதுவாக, இறப்புச் சான்றிதழ் இருந்தால் இன்றைக்கே செய்து கொடுக்கிறேன் என்றார்.

நான் திருத்திச் சொன்னேன். இல்லை, இன்னும் இல்லை, இருக்கிறார்.

அவர் உட்கார்ந்தார். அப்படியென்றால் மருத்துவரின் கடிதம் வேண்டும், மொழிபெயர்த்து, முத்திரையோடு என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அலுவலக விதி அப்படி. அந்த ஜன்னலின் முன்னால் நின்றபோது, அந்தத் தப்பான வாக்கியத்தைத் திருத்தாமலே விட்டிருக்கலாமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதை நினைத்தவன் நான்தான்.

கடிதம் வந்து, மொழிபெயர்த்து, தாள் கையில் கிடைத்த நாளில் அப்பா போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் நான்காம் நாள் போய்ச் சேர்ந்தேன். திண்டிவனம் பைபாஸில் இறங்கியபோது குமார் வண்டியோடு நின்றிருந்தான், மொட்டைத் தலையோடு. அந்த மொட்டை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் லீவு கொடுக்கவில்லை என்பதை ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்து யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

அம்மா பந்தியில் வைத்தே அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கையிலதான்டி ஃபைலு இருந்துச்சி. நீதான கூட்டிக்கினு போவணும்? லீவு குட்த்தாங்கன்னு எங்கிட்ட பொய் சொல்லிக்கினு நின்னியே, எப்டிடி மனசு வந்துச்சி? அலைய சலிப்பா ஆயிடுச்சா உனக்கு?"

அக்கா கையில் சாம்பார் வாளி இருந்தது. நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தாள். காட்டிக்கொடுக்கும் பார்வை இல்லை அது. நீ வாயைத் திறக்காதே, உன் பேரு கெடவேண்டாம் என்கிற பார்வை. எங்கள் வீட்டில் எல்லாரும் என் பேரைத்தானே இத்தனை வருஷம் சுமந்தார்கள்.

நான் திறக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வாளியை வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாமாவோடு விழுப்புரத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மகளுக்குக் காது குத்தினபோதும் போகவில்லை.

இருபது நாளில் நான் திரும்பி வந்தேன். வாரத்துக்கு இரண்டு முறை அம்மாவோடு பேசுவேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். மாத்திரை சரிதான், டாக்டரைக் கேட்டுத்தான் கொடுத்தோம், எண்ணும் உண்மைதான் ஏறியது, நான் கீமோவை நிறுத்தச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே ஒரு வக்கீலை வைத்திருந்தேன்.

6

திதிக்குப் பத்து நாள் முன்னால் சித்தப்பா கூப்பிட்டார். சுவரில் மாட்ட அப்பாவின் நல்ல படம் ஒன்று வேண்டும், ஆதார் அட்டையில் இருப்பது திருடன் மாதிரி இருக்கிறது என்றார்.

என்னிடம் இருந்ததில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றுதான். பரிட்சை ஹாலில் எடுத்தது. முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டலாம் என்று கணினியில் பெரிதாக்கினேன். வலது ஓரத்தில் ரத்தம் எடுக்கும் பெண்ணின் கை வந்திருந்தது. அதை நீக்க வேண்டும். கோட்டை நகர்த்திக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன்.

அந்தக் கையில் இருந்த குழாயின் மூடி சிவப்பு.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இந்தப் படத்தை அது வந்த அன்றைக்கே பார்த்தேன். நூறு முறையாவது பார்த்திருப்பேன். தினமும் பெட்டியைத் திறந்ததும் மூடியைத்தான் முதலில் பார்க்கிறவன், என் அப்பாவின் ரத்தத்தில் அப்பாவின் சிரிப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன்காரருடைய ரத்தமாக இருந்திருந்தால் ஓரமாக வைத்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தொண்ணூற்றாறு உண்மையாகவும் இருந்திருக்கலாம். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டார். அல்லது ஐம்பத்திரண்டிலேயே நின்றிருக்கலாம், மீதி ரப்பரிலிருந்து வந்திருக்கலாம். முதல் முறை எந்தக் குழாயில் பிடித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. இனி யாராலும் சொல்ல முடியாது. உண்மையாகவே இருந்திருந்தாலும் கட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஃபஸ்ட் கிளாஸ் என்றேன். விழுப்புரத்தில் அந்தப் பெண் தனக்குக் கொடுத்த குழாயில் ரத்தம் எடுத்தாள். எந்தக் குழாய் என்று கேட்க வேண்டியவன் நான்.

எனக்கு வைத்திருந்த வக்கீல் அன்றோடு போய்விட்டார்.

படத்தை வெட்டி அனுப்பினேன். அதுதான் திதியில் மாலை போட்டு வைத்திருந்த படம்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, அங்கே மத்தியானம் மூன்று மணி இருக்கும், அம்மாவைக் கூப்பிட்டேன். கூடவே அக்காவையும் இணைப்பில் சேர்த்தேன்.

"அம்மா, அக்காவும் லைன்ல இருக்குது."

 அம்மா போனை வைக்கவில்லை. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் வந்துகொண்டிருந்தது, சித்தியாக இருக்கும்.

"அப்பா மூணாவது கீமோவுக்குப் போவாததுக்கு அக்கா காரணம் இல்லம்மா. நான்தான். ரத்தத்துல ஒரு டெஸ்ட்டு எடுக்கச் சொன்னேன். அதுக்குப் பாஸ் மார்க்கு எழுபதுன்னு அப்பாகிட்ட சொன்னதும் நான்தான். தொண்ணூத்தாறு வந்துச்சி, பாஸுன்னு சொன்னேன். அந்த டெஸ்ட்டே சரியில்லம்மா. ரத்தம் புடிச்ச டியூப்பு அதுக்கு ஆவாது. அது எனக்குத் தெரியும். அதான் என் வேலையே. நான் பாக்கல. அவரு பாஸாயிட்டோம்னு நெனச்சிக்கினு கொல்லைக்குப் போயிட்டாரு."

"டேய், இத்த ஏன்டா இப்ப சொல்லிக்கினு..." என்று அக்கா தொடங்கி முடிக்க முடியாமல் அழுதாள்.

"அன்னிக்கிப் பந்தியில உன்னத் திட்டுனப்ப நான் சொல்லியிருக்கணும்க்கா. வாய மூடிக்கினு சாப்ட்டேன்."

 பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். என்னை அவள் ஒரு நாளும் திட்டியதில்லை. அன்றைக்குத் திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"செல்வி," என்றாள் அம்மா.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை அவள் வாயால் கேட்கிறேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள்.

"ம்மா."

"அந்த டெஸ்ட்டுக்கு எவ்ளோடி ஆச்சி?"

"எண்ணூத்தி அம்பதும்மா."

"அவரு பஸ்ஸுக்கு?"

"போவ வர தொண்ணூறு."

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தாடி கூட்டிக்கினு போன, முடியாத மனுசன?"

"இல்லம்மா. ஆட்டோ வெச்சேன். போவ அறுவது, வர அறுவது."

"எதுனா வாங்கிக் குட்த்தியா?"

"எளநி கேட்டாரு. எனக்கும் ஒண்ணு சீவச் சொன்னாரு. ரெண்டு, எம்பது ரூபா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"கூட்டிச் சொல்லுடி. அவனுக்கும் கேக்கட்டும்."

ஐந்தாவதோடு நிறுத்தப்பட்ட என் அக்கா வாய்க்குள் கூட்டுவது எனக்குக் கேட்டது. அதை நான் முன்பே கூட்டிவிட்டிருந்தேன். 

"ஆயிரத்து நூத்தி நாப்பது ரூபாம்மா."